விழித்ததும் அசையாதீர்கள்: கனவு நோட்டு எழுதப் பழகும் முறை

"எனக்கெல்லாம் கனவே வராதுங்க" என்று சொல்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். எங்கள் வீட்டில் அது நான்தான். வராமல் இல்லை, வந்தது தங்கவில்லை என்பது நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ராத்திரி பூராவும் கண்டதை, காலையில் வாசலில் தொங்கும் பால் பாக்கெட்டை எடுக்கப் போகிற பத்தடி தூரத்தில் தொலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேவையானவை மூன்றுதான்: ஒரு நோட்டு, ஒரு பென்சில், விழித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம். கஷ்டமெல்லாம் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது.

கனவு ஏன் நழுவுகிறது?

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியல் கிளைட்மன் இருவரும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் இமைக்குள்ளே விழிகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் வேகமாக அசைகின்றன என்பதுதான் அது. அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, கண்ணருகே மின்முனைகளை ஒட்டிப் பார்த்தவர். அந்தக் கட்டத்தை ரெம் தூக்கம் என்கிறோம். 1957இல் கிளைட்மனும் வில்லியம் டிமென்ட்டும், ரெம் தூக்கத்தில் இருப்பவர்களை அப்படியே எழுப்பிக் கேட்டபோது, ஐந்துக்கு நாலு தடவை கனவைச் சொன்னார்கள். ரெம் அல்லாத தூக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் கதை போல விரிகிற கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருபவை.

அந்த நேரத்தில் மூளையில் நாரெட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. நினைவைப் பதிய வைப்பதில் பங்குள்ள பொருள் அது. அதனால் கனவு எழுதப்படுவது கல்லில் இல்லை, ஈரத் தரையில் விரலால். விழித்த கையோடு வேறு எது மனதுக்குள் வந்தாலும், இன்றைக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டுமே என்கிற ஒற்றை நினைப்பு வந்தாலும், அது கனவின் மேல் மிதித்துக்கொண்டு போய்விடும்.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகப் போகிறது. முதல் சுற்றில் ரெம் பத்து நிமிடம் இருந்தாலே அதிகம். விடிய விடிய அது நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்தையும் தாண்டும். "விடியக்காலம் கண்ட கனா பலிக்கும்டா" என்று என் பாட்டி சொல்வாள். பலிப்பது பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீளமாக வருவதும், முழுதாகக் கையில் சிக்குவதும் விடியக்காலக் கனாதான். பாட்டி அந்த அளவுக்குச் சரி.

படி 1: முதலில் தூங்குங்கள்

பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிறவர், கனவு நிறைந்த பகுதியைத்தான் வெட்டி எறிகிறார். எவ்வளவு நல்ல நோட்டு வாங்கினாலும் அவருக்குப் பயனில்லை. தினமும் முடியாவிட்டால், அலாரம் தேவைப்படாத ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள்.

மது ராத்திரியின் முதல் பாதியில் ரெம் தூக்கத்தை அமுக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் சிலவும் அதைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்றவை சிலருக்குக் கனவைக் கன்னாபின்னாவென்று ஆக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 2: நோட்டும் பென்சிலும்

தேதி அச்சடித்த டைரி வேண்டாம். நாலு நாள் எழுதாமல் விட்டால் அந்த நாலு வெற்றுப் பக்கமும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள், பாயில் படுப்பவர்கள் தலையணைக்கு அடியில் செருகலாம். கை நீட்டினால் எட்ட வேண்டும், எழுந்து எடுக்கும்படி இருக்கக் கூடாது.

பால்பாயிண்ட் பேனாவை மல்லாந்து படுத்தபடி பிடித்தால் மை இறங்காது. பென்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் படுக்கும் முன் சீவி வையுங்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மேரி கால்கின்ஸ் என்ற உளவியலாளர் 1893இல் கனவுகளைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பக்கத்தில் தாள், பென்சில், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் வைத்துக்கொண்டு, 55 ராத்திரிகளில் 205 கனவுகளை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அதிமுக்கியமாகத் தோன்றிய ஒரு கனவை இருட்டிலேயே எழுதி முடித்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் தூங்கியாயிற்று. காலையில் பார்த்தால் சீவாத பென்சிலும் வெள்ளைத் தாளும்தான் இருந்தன.

ராத்திரியே மறுநாள் தேதியைப் பக்கத்தின் தலையில் எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வைத்துவிடுங்கள். சின்ன வேலைதான். ஆனால் காலையில் தேதி யோசிக்கிற அந்த நேரத்தில் கனவு போய்விடும். விளக்குப் போட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் திட்டுவார் என்றால், ஒரு சின்ன டார்ச்சின் முகத்தில் துணியைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

செல்போனில் எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் எழுத மாட்டீர்கள். திரையைத் தொட்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பதினேழு குட் மார்னிங் பூங்கொத்துகள் முன்னால் வந்து நிற்கும். பேசிப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுப் படுங்கள். நான் ஒரு வாரம் பேசிப் பார்த்தேன். திரும்பக் கேட்டபோது வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது, ஒரு சொல்லும் புரியவில்லை.

படி 3: படுக்கும்போது ஒரு வரி

கண் மூடும் முன் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: "கண்ட கனவைக் காலையில் நினைவு வைத்திருப்பேன்." மந்திரம் ஒன்றும் இல்லை. மறுநாள் சீக்கிரம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் அலாரத்துக்கு முன்பே முழிப்பு வருகிறது அல்லவா, அந்த ஜாதி. நாலைந்து தடவை சொன்னால் போதும். ஜபம் மாதிரி உட்கார்ந்து சொன்னால் தூக்கம் கெடும்.

படி 4: விழித்த முதல் நிமிடம்

மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

முழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள். புரண்டு படுப்பது, சோம்பல் முறிப்பது, மணி என்ன என்று பார்ப்பது எதுவும் கூடாது. எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தீர்களோ அப்படியே கிடங்கள். முதலில் வெறும் இருட்டுதான் இருக்கும். பதற வேண்டாம்.

"என்ன கனவு?" என்று கேட்டுக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அது பரீட்சைக் கேள்வி மாதிரி, மனம் உடனே "தெரியாது" என்று சொல்லிவிடும். அதற்குப் பதில், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். லேசான பயமா, காரணமில்லாத சந்தோஷமா, எதையோ விட்டுவிட்டு வந்த தவிப்பா? கதை போன பிறகும் கொஞ்ச நேரம் உணர்ச்சி தங்கியிருக்கும். அந்த நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஒரு துண்டு வரும்: ஒரு படிக்கட்டு, ஒரு நிறம், யாரோ சொன்ன ஒரு சொல்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அதற்கு முன்னால் எங்கே இருந்தேன்? அங்கே எப்படி வந்தேன்? விழிக்கும்போது கையில் இருப்பது கனவின் வால்தானே. வாலிலிருந்து தலைக்குப் போவதுதான் சுலபம்.

ஒன்றும் வரவில்லையா? மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள், ராத்திரி நீங்கள் வழக்கமாகத் தூங்கும் எல்லாப் பக்கமும். எனக்கு இடது பக்கம் சாய்ந்தால் பாதி நாள் ஏதாவது வந்துவிடும். ஏன் என்று எனக்கு விளக்கம் கிடையாது, வருகிறது என்பதால் செய்கிறேன். அதிலும் வரவில்லையென்றால் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்: அம்மா, தம்பி, ஆபீஸ் மேனேஜர், பள்ளியில் கூடப் படித்தவர்கள். ஏதாவது ஒரு முகத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

குக்கர் விசிலும் காலிங் பெல்லும் கேட்கிற வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்றால், சில நாள் நடக்காது. பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம், கண் விழிக்கும்போதே சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்கிற கணக்கு ஓடத் தொடங்கிவிடும். எழ வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, மெல்லிய சத்தத்தில் அலாரம் வைத்துப் பாருங்கள். காதைப் பிளக்கும் சத்தம் வேண்டாம்.

படி 5: எழுதுவது

பிடித்த துண்டுகளை முதலில் ஒற்றைச் சொற்களாகக் கொட்டுங்கள். அப்புறம் விரியுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று:

"7, செவ்வாய். விடியக்காலம் 5.20. பழைய வீட்டுக் கிணறு, தண்ணீர் வாய் வரைக்கும். சித்தப்பா வாளியில் மாங்காய் இறைக்கிறார். ஆள் சித்தப்பா, முகம் பக்கத்து வீட்டுக்காரர் முகம். எனக்குப் பரீட்சைக்கு நேரமாகிறது, ஒரு கால் செருப்புதான் இருக்கிறது. யாருக்கும் கவலை இல்லை. எனக்கு மட்டும் வெட்கம். மஞ்சள் வெயில். அப்புறம் பஸ்??"

இதையே குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்கும்: "ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு லேட்." கவனித்தீர்களா, இறைத்தது பறித்ததாகிவிட்டது! முழித்த மனம் ஒரு கறாரான வாத்தியார், நடக்க முடியாததையெல்லாம் திருத்திவிடும். கிணற்றில் மாங்காய் இறைத்ததுதான் அந்தக் கனவு. அது போனால் மிச்சம் ஒன்றுமில்லை.

அதனால் நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "இறைக்கிறார்", "நிற்கிறேன்". எழுத்துப்பிழை, இலக்கணம், கையெழுத்து எதையும் பார்க்காதீர்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். படம் வரைய வந்தால் வரையுங்கள், அந்தக் கிணறு எந்த மூலையில் இருந்தது என்பதை இரண்டு கோடு நன்றாகச் சொல்லிவிடும். கடைசியாக ஒரு தலைப்பு. மேலே உள்ளதற்கு "மாங்காய்க் கிணறு" என்று வைத்தேன். பல மாதம் கழித்துப் புரட்டும்போது, அந்த இரண்டு சொல்லே முழுக் கனவையும் இழுத்துக்கொண்டு வரும்.

வீட்டில் சொல்ல ஆசையாக இருக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகிகூடத் தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்கிறாள். சொல்லுங்கள், ஆனால் எழுதிய பிறகு. கேட்பவருக்குப் புரிய வேண்டுமே என்று சொல்லும்போதே நாம் அதைக் கதையாக்கிவிடுவோம். பிறகு கதைதான் நினைவிருக்கும், கனவு இருக்காது.

ஒன்றுமே நினைவில்லாத நாட்களில்

அன்றைக்கும் எழுதுங்கள். "கனவு நினைவில்லை. விழிக்கும்போது தொண்டை வறட்சி, ஏதோ எரிச்சல்." இவ்வளவு போதும். பென்சிலைத் தொட்டாயிற்று என்பதுதான் கணக்கு. முதல் வாரம் இப்படிப் பக்கங்களே அதிகம் இருக்கும். எனக்கு ஆறாவது நாள்தான் முதல் துண்டு கிடைத்தது. அதுவும் "பச்சைப் பக்கெட்" என்ற ஒரே சொல்தான்.

வாரம் ஒரு முறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வாரத்தைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆள், இடம், உணர்ச்சி இவற்றின் கீழ் கோடு போடுங்கள். எனக்கு நேரமாகிவிடுவதும் செருப்புத் தொலைவதும் மாறி மாறி வருகின்றன. இப்படி உங்கள் கனவின் வாடிக்கைகள் தெரிந்தால், காலையில் தேடுவதற்கு ஒரு பட்டியல் கிடைக்கிறது. ஒன்றும் நினைவில்லாத நாளில் "செருப்பு?" என்று கேட்டே சில கனவுகளைப் பிடித்திருக்கிறேன்.

பலன் பார்க்காதீர்கள் என்பது என் கட்சி. பல் விழுந்தால் இது, பாம்பு துரத்தினால் அது, கல்யாணம் கண்டால் கெட்டது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கினால், கொஞ்ச நாளில் "நல்ல" கனவை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவீர்கள். நோட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதே காரணத்துக்காக நோட்டைப் பிறர் எடுத்துப் படிக்காத இடத்தில் வையுங்கள். மாமியார் கனவில் வந்து என்ன செய்தார் என்பதை மாமியார் படித்துவிடுவாரோ என்கிற பயத்தோடு எழுத முடியாது.

எப்போது நிறுத்த வேண்டும்

கனவு பிடிப்பதற்காக நடு ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்திருக்காதீர்கள். மறுநாள் வேலை கெடும். தானாக முழிப்பு வந்தால் இரண்டு சொல் கிறுக்கிவிட்டுத் தூங்குங்கள். நடந்த ஒரு கொடுமை திரும்பத் திரும்பக் கனவாக வந்து வதைக்கிறது என்றால், அதைத் தனியாக உட்கார்ந்து விவரமாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், கெட்ட கனவுக்குச் சிகிச்சை இருக்கிறது. தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசுகிறவர்கள், பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுகிறவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ரெம் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடப்பதுதான் இயல்பு. வயதானவர்களிடம் இப்படிக் கை கால் வீசுவது தென்பட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

சில வாரங்களில் நேர்மாறான சிக்கல் வரும். ஒரே காலையில் மூன்று கனவு, எழுதி முடிக்க அரை மணி நேரம், இட்லி ஆறிவிடும். அப்போது எல்லாவற்றுக்கும் தலைப்பை மட்டும் போட்டுவிட்டு, எது ரொம்பக் கோணலாக இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் விரித்து எழுதுங்கள்.