பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் இருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் எட்டிக்கூடப் பார்க்காமல் வரும் பதில்: "பெல்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மாற்றியதும் சத்தம் அடங்கும், கொஞ்ச நாளில் திரும்பவும் வரும். கத்துவது பெல்ட்தான். ஆனால் அதைக் கத்த வைப்பது பல நேரம் டென்ஷனர். அதைச் சோதிக்காமல் புது பெல்ட் போடுவதுதான் இதில் நடக்கும் முதல் தவறு.

என்ஜின் தண்டின் நுனியில் உள்ள கிராங்க் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பல என்ஜின்களில் வாட்டர் பம்ப் என எல்லாவற்றையும் ஒரே பெல்ட் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த பெல்ட் தொய்யாமல் பிடித்து வைப்பது டென்ஷனரின் வேலை. ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் ஒரு கை, அதன் நுனியில் பேரிங் வைத்த புல்லி, கை துள்ளாமல் அடக்க உள்ளே ஒரு டாம்பர். இந்த மூன்றில் எது தேய்ந்தாலும் சத்தம் வரும், ஆனால் ஒரே மாதிரி வராது.

ஏசி போட்டதும் நீளமாகக் கீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெல்ட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். 'கிச் கிச்' என்று விட்டு விட்டு வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வேகமெடுத்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. நிற்காமல் 'கரகர' என்றால் பேரிங். ஐடிலில் 'லொடலொட' என்று தட்டினால் டாம்பர் செத்துப்போய் கை ஆடுகிறது.

முதல் இரண்டையும் பிரித்தறிய ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீர் போதும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது, உங்கள் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் நின்று சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

அடுத்த தவறு எனக்கு மிகவும் கவலை தருவது: சத்தத்தை அடக்க பெல்ட் மேல் எதையாவது தடவுவது. சோப்பு, மெழுகு, கிரீஸ், கடையில் விற்கும் பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே எதுவும் வேண்டாம். வழுக்கலும் கோணலும் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் சில நாள் மறையும். எண்ணெய்ப் பசையில் ரப்பர் ஊறிக் கெடும், பிசுபிசுப்பில் தூசி வேறு ஒட்டும். பேரிங்கில் டபிள்யூடி-40 அடிப்பதும் இதே ரகம்தான். அது சீல் செய்த பேரிங். ஸ்பிரே உள்ளே போனால் மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

"பெல்ட்டில் விரிசலே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்பதையும் நம்ப வேண்டாம். பழைய ரப்பர் பெல்ட்டுகளில் விரிசல் தெரியும். இப்போது வரும் ஈபிடிஎம் (ஒரு வகை செயற்கை ரப்பர்) பெல்ட்டுகள் டயர் போலத் தேய்கின்றன, விரிசல் சுலபத்தில் விடுவதில்லை. வரிகளின் ஆழத்தை அதற்கான கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ட் மாட்டியிருக்கும்போதே புல்லியை ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று முடிவு செய்வதும் போதாது. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்தால் பேரிங் போய்விட்டது. டென்ஷனர் கையை ஸ்பேனர் போட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் சிக்காமல், சீரான எதிர்ப்புடன் வர வேண்டும்.

ஆல்டர்னேட்டர் புல்லியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சில வண்டிகளில், குறிப்பாக டீசலில், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீல் புல்லி இருக்கும். ஒரு திசையில் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரையும் சேர்த்துச் சுற்ற வேண்டும், மறுதிசையில் தனியாகச் சுழல வேண்டும். அது இறுகிப்போனால் என்ஜினின் ஒவ்வொரு உதறலும் டென்ஷனருக்குப் போகும். அதைக் கவனிக்காமல் டென்ஷனரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும்.

கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில டென்ஷனர் புல்லி போல்ட்டுகள் இடது மரையில் இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும்; திறக்கிறேன் என்று இறுக்கி போல்ட்டை உடைத்தவர்கள் உண்டு. ஸ்பிரிங் கையைப் பட்டென்று விடாதீர்கள், டாம்பர் அடிவாங்கும். பெல்ட் நம்பரிலும் கவனம் தேவை: 6பிகே1070 என்றால் ஆறு வரி, 1070 மில்லிமீட்டர் நீளம். 'கிட்டத்தட்ட அதே சைஸ்' என்று கடைக்காரர் தருவதைப் போட்டால் டென்ஷனர் கை தன் எல்லைக்கே போய் முட்டிக்கொள்ளும். எண்ணெயோ கூலண்டோ கசிந்தால் அதை அடைத்த பிறகுதான் புது பெல்ட்.

மாட்டியதும் எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு அணைத்து டென்ஷனர் கையைக் கவனியுங்கள். லேசான அசைவு இயல்பு, கண்ணுக்குத் தெரியும்படித் துள்ளினால் எங்கோ இன்னும் கோளாறு இருக்கிறது. சத்தத்தோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் டாஷ்போர்டிலும் ஒரு கண் வைக்க வேண்டும். பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம், வாட்டர் பம்பும் நின்றிருக்கலாம். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள்.