ஊசி லேஸ்: கையும் கண்ணும் செய்யும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெள்ளைப் பின்னல் எதைக் கண்டாலும் லேஸ் என்று ஒரே பெயரில் அழைத்துவிடுவது முதல் தவறு. குரோஷா, கொக்கி ஊசியால் போடுவது. 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரிப் பெண்கள் கற்றுக்கொடுத்தது, திண்டின்மேல் நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. ஊசி லேஸ் இவை இரண்டும் அல்ல. சாதாரண ஊசி, ஒற்றை நூல், சட்டைக்குக் காஜா எடுக்கும் அதே தையல். முடிந்தபின் அடியில் துணி மட்டும் இருக்காது.

துணியில் இழைகளை உருவியும் வெட்டியும் அந்த இடைவெளிகளில் தைத்துவந்தவர்கள், 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் துணியையே விட்டுவிட்டார்கள்; ஊசி லேஸ் பிறந்தது அப்படித்தான். அந்த லேஸை வாங்க பிரெஞ்சுப் பணம் வெளியே போவதைப் பொறுக்காத பிரான்ஸின் அமைச்சர் கோல்பேர், 1665இல் அரசு ஆதரவில் லேஸ் பட்டறைகளைத் தொடங்கினார். அலான்சோன் ஊர் புகழ்பெற்றது அப்படித்தான். அங்கே இன்றும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகிறது. யுனெஸ்கோ 2010இல் அந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதை அறியாமல், முதல் முயற்சிக்கே ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ முழுவதையும் வரைந்துகொண்டு உட்காருபவர்கள் உண்டு. ஓர் இதழ் போதும்.

கை செய்யும் பெரிய தவறு, அடித்துணியை ஒற்றையாக வைப்பது. இரண்டு மடிப்புத் துணியின்மேல் இதழ் வரைந்த தாளை வைத்து, கோட்டின்மீது கனமான நூலைப் படுக்கவிட்டு, மெல்லிய நூலால் ஆங்காங்கே கட்ட வேண்டும். அந்தக் கட்டுகள்தான் லேஸைத் துணியோடு பிடித்திருக்கின்றன. வேலை முடிந்ததும் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே கத்தரித்தால் லேஸ் தனியே வந்துவிடும். ஒற்றைத் துணியில் கத்தரிக்கோல் லேஸையே வெட்டிவிடும். கோட்டுக்கு உள்ளே காஜா தையலால் நிரப்பும்போது ஊசி துணியைக் குத்தவே கூடாது. முனைக்குப் பதிலாகக் காதுப் பக்கத்தை முன்னே விட்டுத் தைப்பது நல்ல பழக்கம். நூல் வரிசையின் நடுவில் தீரக் கூடாது. ஓரத்தில்தான் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அடிக்கடி கை கழுவுங்கள், வியர்வைக் கறை எளிதில் போகாது.

இப்படி ஓர் இதழைத் தைத்து முடித்த கண்ணுக்கே பழைய லேஸ் பிடிபடும். பழுப்பு நிறத்தை வைத்து வயதைக் கணிப்பது தவறு; தேயிலைச் சாயத்தில் முக்கினாலும் அந்த நிறம் வரும். 1880களிலிருந்து, இயந்திரத்தால் துணிமேல் பூவேலை செய்து, பிறகு துணியை மட்டும் இரசாயனத்தில் கரைத்து எடுக்கும் லேஸும் இருக்கிறது. தொலைவில் அது ஊசி லேஸ் போலவே தெரியும். உருப்பெருக்கியில் பாருங்கள்: ஊசி லேஸில் ஒவ்வொரு காஜா வளையத்தையும் பின்தொடர முடியும், மற்றதில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக மண்டிக் கிடக்கும்.

வீட்டில் பழைய துண்டு கிடைத்தால் ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். பாட்டியின் தேக்குப் பெட்டியானாலும் பலகையில் நேரே படும்படி வைக்க வேண்டாம், மரத்தின் அமிலம் இழையை அரிக்கும். மடித்தால் மடிப்பில் முறியும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்துச் சுருட்டுங்கள்.