கடையை விட்டு லீவு எடுப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்து வியாபாரிகளுக்கு

காரைக்குடியில் கடை வைத்திருக்கிற யாரிடமாவது "நாலு நாள் லீவு போடுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். "நான் இல்லாட்டி ஒரு நாள் ஓடாதுங்க" என்றுதான் பதில் வரும். அதே ஆள் தைப்பூசம் வந்தால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறார். அத்தனை நாளும் கல்லாச் சாவி அவர் கையில் இல்லை, கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரும்பி வந்து கால் கொப்புளம் ஆறுவதற்குள் மறுபடியும் "நான் இல்லாட்டி" ஆரம்பித்துவிடும்.

இந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வது என் பிழைப்பு. அதனால் நிறைய முதலாளிகளைக் கிட்டத்தில் பார்க்கிறேன். நேர்த்திக்கடன் என்றால் போவார்கள், தங்கை மகள் கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, துக்கம் என்றாலும் போவார்கள். களைப்பாக இருக்கிறது, சும்மா வீட்டில் கால் நீட்டிப் படுக்கப் போகிறேன் என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வருவதில்லை. "இன்னிக்குக் கடைக்குப் போகலையா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டால் சொல்வதற்கு ஒரு விசேஷம் தேவைப்படுகிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊர்க் கல்யாணத்தில் மூன்று நாள் நின்று பந்தி விசாரித்துவிட்டு வருவது ஓய்வே கிடையாது, அதை லீவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலகாரம் போட்டு விற்கிற ஆச்சிமார்களுக்கு இது இன்னும் மோசம். அடுப்பை அணைத்த அன்றைக்கு வீட்டு வேலை முழுக்க அவர்கள் தலையில் வந்து விழும். அப்படியென்றால் அவர்களுக்கான லீவு வீட்டைவிட்டு வெளியே போவதாகத்தான் இருக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு வற்புறுத்தல் என்று கேட்டால், உடம்பு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்க்கிறவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்க்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் சாகும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. காலை 9 மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு 9 மணிக்கு இறக்கி, ஞாயிறு அரை நாளும் திறந்தால் உங்கள் கணக்கு 78 மணி நேரம்.

கொள்முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து மதுரை போய், விளக்குத்தூண் பக்கம் பகலெல்லாம் அலைந்து பேரம் பேசிவிட்டு, இரவு 10 மணிக்குத் திருப்பத்தூர் தாண்டித் தானே வண்டி ஓட்டி வருகிறார் ஒருவர். விழித்திருந்தது 17 மணி நேரம். அவ்வளவு நேரம் விழித்திருந்தவரின் நிதானம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03. ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர், வீட்டில் விபூதி பூசிக்கொண்டு கிளம்பியவர், அந்த நிலையில்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அந்த ஒரு நாளாவது மதுரையில் தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள், இல்லையென்றால் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.

1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேலையாளுக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. 2021-இல் அவர்கள் உட்கார இருக்கை போட்டுத் தர வேண்டும் என்றும் திருத்தம் வந்தது. உங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிற சட்டம் எதுவும் இல்லை, நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி, அதாவது வட்டிக்கடை, நடத்திய நம் பக்கத்து ஆட்களின் கடைகள் முதலாளி இல்லாமலேயே ஓடியவை. முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார், அங்கே ரங்கூனில் ஏஜெண்டு நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. முடிந்ததும் புதிதாக வருகிறவரிடம் பேரேட்டையும் பாக்கியையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து கொஞ்ச காலம் இருப்பார். போனே இல்லாத காலத்தில், கப்பலில் போகிற கடிதத்தையும் ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்கையும் வைத்து இதை நடத்தினார்கள். கையில் இரண்டு போன் வைத்திருக்கிற நாம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்றால், கோளாறு வேலைப் பிரிவினையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் லீவு மட்டும் எடுத்தால் அது லீவாக இருக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு, நீங்கள் சாப்பிடப் போகும்போதோ பேங்குக்குப் போகும்போதோ கடையிலிருந்து வருகிற ஒவ்வொரு போனையும் அதில் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், அவ்வளவுதான். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் இதைச் செய்து பார்த்தோம். "அண்ணே, முக்கால் இஞ்ச் பால் வால்வு என்ன ரேட்டுக்குப் போட?", "மேஸ்திரி மூணு மூட்டை சிமெண்ட் கடன்ல கேக்குறாரு, கொடுக்கவா?", "குடோன் சாவி எங்கண்ணே?", "ஐநூறு ரூபா ஜிபே போட்டேங்கிறாரு, வந்துச்சா பாருங்க", மறுபடியும் பால் வால்வு. முதலாளியின் மூளை தேவைப்பட்ட போன் அந்த வாரம் முழுக்க ஒன்றோ இரண்டோதான் இருந்தது. மற்றதெல்லாம் எழுதி வைத்திருந்தால் வந்தே இருக்காது.

ஆக, எழுதி வையுங்கள். ஓடுகிற சரக்குக்கெல்லாம் விற்கும் விலையும் அதற்குக் கீழே இறங்கக்கூடாத விலையும் ஒரு பேரேட்டில் இருக்கட்டும். ஜவுளிக் கடைக்காரர்கள் அட்டையில் அடக்க விலையை ரகசிய எழுத்தில் போடுவார்கள், அந்த எழுத்துக் கணக்கு முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். அதை வெளியே சொல்ல மனம் இல்லையென்றால் பரவாயில்லை, கடைசி விலையை மட்டும் தனியாக எழுதிக் கொடுங்கள். கடனுக்கும் அப்படியே ஒரு பட்டியல்: இன்னாருக்கு இவ்வளவு வரை, பட்டியலில் இல்லாதவருக்கு முதலாளி வந்த பிறகு. இப்படி ஒரு காகிதம் இருந்தால் கடையில் நிற்கிற பையனுக்கும் தைரியம், "எழுதி வச்சிருக்காங்க சார்" என்று சொல்லிவிடுவான்.

பணம் வந்ததா என்று கேட்கிற போன் ஓய வேண்டுமானால் க்யூஆர் அட்டையை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கழற்றிக் கடை பெயரில் இருக்கிற நடப்புக் கணக்கோடு இணையுங்கள், கூடவே பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற ஒரு சவுண்ட் பாக்ஸ். ஓடிபி இன்னொரு தலைவலி. வெளியூரில் கோவில் வரிசையில் நின்றுகொண்டு ஆறு எண்ணை உரக்கப் படிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு அனுப்பப் போடுகிற இ-வே பில் தளத்தில் கடை ஆளைத் துணைப் பயனராக உருவாக்கிக்கொள்ள இடம் இருக்கிறது. நடப்புக் கணக்கில் ஒருவர் பதிவுசெய்ய இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கிற வசதி உண்டா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். வங்கி வழியாகப் பணம் அனுப்புகிற நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, சரக்குக்காரருக்குப் பணம் கட்டுவதற்காக யாரும் ஊரில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வேண்டாம், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெயரும் தொகையும் எழுதி, கோடு போட்டுக் கொடுங்கள்.

திருட்டுப் பயம் எல்லாருக்கும் உண்டு, வெளியே சொல்வதில்லை. அதற்கும் முறை இருக்கிறது. காலையில் கல்லாவில் எவ்வளவு வைத்துத் திறந்தார்கள், பில் எண் எதில் ஆரம்பித்து எதில் முடிந்தது, ரொக்கம் எவ்வளவு, யுபிஐ எவ்வளவு, வெளியே கொடுத்தது எவ்வளவு. கடை மூடும்போது இதை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போகிற அன்று விலை கூடிய சரக்கில் ஏழெட்டை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், வந்ததும் அதே சரக்கை எண்ணி, பில்லோடு ஒத்துப் பாருங்கள். இது தெரிந்த இடத்தில் கை நீளாது. அப்புறம் சிசிடிவி. கொடைக்கானல் ஏரிக்கரையில் குடும்பத்தைப் படகில் ஏற்றிவிட்டு, கரையில் உட்கார்ந்து போனில் தன் கடைக் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தச் செயலியைக் கிளம்புவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், வந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

எடுத்த எடுப்பில் பத்து நாள் வேண்டாம். முதலில் தினமும் மதியம் இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய், மூன்றரை மணிக்கு ஆறிப்போன சோற்றைச் சாப்பிடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுங்கள். அது பழகியதும் வாரத்தில் ஒரு முழு நாள். பிறகு ஒரு மூன்று நாள், வெளியூராக. ஒவ்வொரு தடவையும் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்கவில்லை என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன், பத்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது என்று இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால், யாருக்காவது அடிபட்டால், அதிகாரி வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். பால் வால்வுக்குக் கூப்பிடக்கூடாது.

தனி ஆளாகத் தையல் கடை, மெக்கானிக் கடை என்று நடத்துகிறவர்கள் பூட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. வாராவாரம் ஒரே கிழமையில் பூட்டுங்கள், மாற்றி மாற்றிப் பூட்டினால் ஆள் வந்து திரும்பிப் போவார், அவருக்குத்தான் கோபம் வரும். நீண்ட லீவு என்றால் ஷட்டரில் "விடுமுறை" என்று மட்டும் எழுதாமல் திறக்கிற தேதியையும் எழுதுங்கள்.

எந்த மாதம் என்பது தொழிலைப் பொறுத்தது. பந்தல், சமையல், பாத்திர வாடகைக்காரர்களுக்கு முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும். ஜவுளிக்காரர்கள் ஆடியில் தள்ளுபடிக் கூட்டத்தில் மாட்டியிருப்பார்கள், பொங்கல் முடியட்டும். முறுக்கும் சீடையும் அதிரசமும் போடுகிறவர்கள் தீபாவளி முடிந்த மறுவாரம். பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களுக்கு ஏப்ரல், மே வெயில். தேதி என்று பார்த்தால், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்கு 11, 20 இரண்டும் முடிந்த பிறகு, காலாண்டு முறையில் இருப்பவர்கள் 25 தாண்டட்டும். சம்பள நாளுக்குள் திரும்பிவிடுங்கள்.

திரும்பி வந்த அன்று ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் இடத்தில் நின்றவர் ஏதாவது ஒரு விலையைத் தப்பாகப் போட்டிருப்பார், ஒரு மூட்டையைக் கடனுக்குக் கொடுத்திருப்பார். வாடிக்கையாளர் முன்னால் அதைக் கிளறாதீர்கள். கிளறினால் அடுத்த தடவை அவர் ஒவ்வொன்றுக்கும் போன் போடுவார், நீங்கள் பழையபடி கல்லாவுக்கே வர வேண்டியதுதான். மாலையில் டீ சொல்லி, பேரேட்டை இருவரும் சேர்ந்து பார்த்து, விடுபட்ட விலையை எழுதிச் சேர்த்துவிட்டு, அவருக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவரும் உங்களோடு ஓடிக்கொண்டிருந்தவர்தானே.