காகித வௌவால் கிழியாமல் வர
சிவப்புத் தாளை இரண்டாக மடித்துச் சீனப் பாணியில் வௌவால் வெட்டும்போது, கண், இறக்கை வரி போன்ற உள் துளைகளை முதலில் வெட்டிவிடுங்கள். வெளி ஓரத்துக்குக் கடைசியில் வந்தால் போதும். சுற்றிலும் தாள் மிச்சம் இருக்கும்வரை பிடிக்க இடம் இருக்கும், மடிப்பும் நகராது. ஓரத்தை முதலில் வெட்டினால் மெல்லிய இறக்கை நுனி விரலிடுக்கில் கசங்கிவிடும். அப்புறம், வளைவுகளில் கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்.

சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'. ஐந்து வௌவால்களைச் சேர்த்து வெட்டினால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குணம், முதுமையில் அமைதியான முடிவு. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான்.

பக்கவாட்டில் நிற்கும் சேவலுக்கும் ஒற்றை மீனுக்கும் மடிப்பு சரிவராது, விரித்த தாளில்தான் வெட்ட வேண்டும். உள்ளே துளையே இல்லாத உருவத்துக்கு இந்த வரிசை தேவையில்லை.