ரஸ்ஸல், ஹக்கீம், கோபேர்: வேற வேற காலத்து டிஃபென்டர்ங்களை எப்படி ஒப்பிடுறது?

பாஸ்கெட்பால் டிஃபென்ஸ்ல யாரு பெரியாளுன்னு பேச உக்காந்தா முதல்ல ஸ்டேட்ஸ் பக்கத்த தொறக்காதீங்க. என்பிஏல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) பிளாக் (எதிராளி ஷாட்டை தடுக்கறது), ஸ்டீல் (பாலை பறிக்கறது) ரெண்டையும் எண்ண ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான், செல்டிக்ஸ் டீமோட பில் ரஸ்ஸல் 1969லயே ரிட்டயர் ஆயிட்டாரு, அதனால அவர் பேருக்கு நேரா ஒரு பிளாக் கூட இருக்காது. ராக்கெட்ஸ்ல ஆடின ஹக்கீம் ஒலாஜுவானோட 3,830 பிளாக் இன்னிக்கும் ரெக்கார்டு, ரொம்ப பெரிய விஷயம்தான், ஆனா அத வச்சு ரஸ்ஸலை கீழ இறக்க முடியாது.

அதனால மொதல்ல அந்தந்த காலத்து ரூல்ஸை எழுதி வச்சுக்கோங்க. த்ரீ-பாயிண்ட் லைன் (அதுக்கு வெளியேருந்து போட்டா மூணு பாயிண்ட்) வந்தது 1979-80ல. 2001-02 சீசனுக்கு முன்னாடி ஜோன் டிஃபென்ஸே (ஆளை விட்டு இடத்த காக்கறது) கூடாது. 2004-05லேருந்து வெளிய பால் வச்சிருக்கவன் மேல கை வச்சு தடுத்தா கண்டிப்பா விசில். வருஷத்தோட பெஸ்ட் டிஃபென்டருக்கு குடுக்கற அவார்டை 1996ல கார்டு (ரிங்கை விட்டு வெளிய ஆடற ஆள்) கேரி பேட்டன் வாங்கினாரு, அதுக்கப்புறம் ஒரு கார்டு வாங்கினது 2022ல மார்கஸ் ஸ்மார்ட்தான், நடுவுல 26 வருஷம் நல்ல கார்டே இல்லன்னா சொல்ல முடியும்? அவார்டை மட்டும் எண்ணாதீங்க.

அடுத்து, ஆள் போனப்புறம் டீம் என்ன ஆச்சுன்னு பாருங்க. 1969ல செல்டிக்ஸ் சாம்பியன், ரஸ்ஸல் போன அடுத்த சீசன்ல 34 ஜெயிச்சு 48 தோத்து பிளேஆஃபே போகல. சாம் ஜோன்ஸும் அதே வருஷம்தான் ரிட்டயர் ஆனாரு, அதையும் கழிச்சுக்கோங்க, அப்பவும் மிச்சம் நிறைய இருக்கு.

இனிமே வீடியோ, இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும். பாலை பாக்காம அந்த ஒரு ஆளோட காலை மட்டும் பாருங்க. 2021 பிளேஆஃப்ல ஜாஸ்-கிளிப்பர்ஸ் ஆறாவது மேட்ச எடுங்க, வெளிய நிக்கிற ஜாஸ் ஆளுங்க ஈஸியா ஏமாந்துடறாங்க, ஜாஸோட ருடி கோபேர் ரிங்கை காப்பாத்த ஒரு அடி உள்ள வெக்கிறாரு, பால் கார்னருக்கு போகுது, கிளிப்பர்ஸோட டெரன்ஸ் மான் ஃப்ரீயா நின்னு போடறாரு, இப்படியே 7 த்ரீ, மொத்தம் 39 பாயிண்ட். பழி முழுக்க கோபேர் தலையில விழுந்துச்சு, எனக்கு அது அநியாயமாத்தான் படுது. ரஸ்ஸல் காலத்துல அந்த கார்னர் ஷாட்டுக்கும் ரெண்டு பாயிண்ட்தான், அதனால அவர் ரிங் பக்கத்துலயே நிக்கலாம். ஆனா அவர் பிளாக் பண்ற விதத்த கவனிங்க, பாலை வெளிய அறைய மாட்டாரு, தட்டி விடுவாரு, அது நம்மாளு கைக்கே வந்து அங்கேருந்தே ஃபாஸ்ட் பிரேக் (சடார்னு எதிர் ரிங்குக்கு ஓடற அட்டாக்) கிளம்பிடும்.

பழைய பிக் மேன் (ரிங் பக்கத்துல ஆடற உயரமான ஆள்) இன்னிக்கு வெளிய வந்து ஆடுவாரான்னு யாராவது கேட்டா 1994 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச போட்டு காட்டுங்க. கடைசி செகண்டு, ஜான் ஸ்டார்க்ஸ் போடற த்ரீ விழுந்தா நிக்ஸ் சாம்பியன், ஹக்கீம் ஸ்கிரீன்ல (எதிர் டீம் ஆள் வழிய மறிச்சு நிக்கறது) ஸ்விட்ச் ஆகி, அதாவது தன் ஆளை விட்டு ஸ்டார்க்ஸை புடிச்சு, ரிங்கை விட்டு அவ்ளோ தூரம் வெளிய வந்து விரல் நுனியால தொட்டாரு, பால் ரிங் வரைக்கும் கூட போகல. 86-84, ராக்கெட்ஸ் ஜெயிச்சாச்சு.