அயல்நாட்டு உச்சரிப்பில் நடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டுக்கு ஓர் உச்சரிப்பு என்று எண்ணிப் பயிற்சியில் இறங்குவதுதான், வேற்று நாட்டவராக நடிப்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. பிரிட்டனுக்குள்ளேயே லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் கிழக்கு லண்டனிலும் பேசப்படும் ஆங்கிலம் வெவ்வேறானது. பாத்திரம் எந்த ஊரில் பிறந்தது, எந்த வயதில் இடம்பெயர்ந்தது, யாரோடு பழகியது என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகே அதற்கான உச்சரிப்பைத் தேட வேண்டும். 1988இல் வெளிவந்த 'ஈவில் ஏஞ்சல்ஸ்' படத்தில் அமெரிக்க நடிகை மெரில் ஸ்ட்ரீப் ஏற்றது லிண்டி சேம்பர்லின் என்ற உண்மையான பெண்மணியின் வேடம். லிண்டி நியூசிலாந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். எனவே ஸ்ட்ரீப்பின் உச்சரிப்பை அந்தப் பெண்மணியின் பேச்சோடு ஒப்பிடுவதே முறை. பொதுவான ஆஸ்திரேலியப் பேச்சோடு ஒப்பிட்டுக் குறை காண்பது நியாயமாகாது.

யாரிடம் கற்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. 'மேரி பாப்பின்ஸ்' (1964) படத்தில் அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய காக்னி (கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சு), பல பத்தாண்டுகளாகக் கேலிக்கு உள்ளானது. 2017இல் பிரிட்டிஷ் திரைத்துறையின் பாஃப்டா விருதுக்குத் தேர்வானபோது அவரே அதற்காக மன்னிப்புக் கேட்டார். அவருக்குப் பயிற்சி தந்த ஜே. பாட் ஓ'மாலி இங்கிலாந்துக்காரர்தான் என்றாலும், லண்டனுக்கு வெகு வடக்கேயுள்ள பர்ன்லியில் பிறந்தவர். வேறொரு நடிகர் அதே உச்சரிப்பில் பேசிய படத்தைப் பார்த்துக் கற்பது இதைவிடவும் மோசமான வழி, ஏனெனில் அவர் செய்த பிழையும் சேர்ந்தே வந்துவிடும். உச்சரிப்புப் பயிற்சியாளர் பால் மையர் தொடங்கிய ஆங்கில வட்டார வழக்குகளின் பன்னாட்டு ஒலிக் காப்பகத்தில், அந்தந்த ஊர் மக்களின் பேச்சுப் பதிவுகள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, சில எழுத்துகளை மாற்றி ஒலித்தாலே போதும் என்று நம்புவதுதான். 'வாட்டர்' என்ற ஒரே சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்கர் நடுவிலுள்ள 'ட'வை நாக்கு நுனியால் மெல்லத் தட்டி, இறுதி 'ர்' ஒலியைத் தெளிவாக ஒலிப்பார். காக்னி பேசுபவரோ நடு ஒலியைத் தொண்டையிலேயே அடைத்துவிட்டு, இறுதி 'ர்' ஒலியை விட்டுவிடுவார். இவை இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான். மீதிப் பாதி, தாடை எவ்வளவு திறக்கிறது, உதடுகள் குவிகின்றனவா, நாக்கு எங்கே தங்குகிறது, வாக்கியத்தின் எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது, குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் சொற்றொடரின் இறுதி அசையில் அழுத்தம் தருவது வழக்கம். அந்த ஓட்டம் வராமல் தொண்டையில் 'ர'வை உரசினால் மட்டும் பிரெஞ்சுச் சாயல் வந்துவிடாது.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசும் பாத்திரமென்றால், அதன் தாய்மொழியைச் சிறிதேனும் கற்காமல் நடிப்பது தவறு. சொல்லின் இறுதியில் வரும் அதிர்வொலிகள் (குரல் நாண்கள் அதிரப் பிறக்கும் b, d, g போன்றவை) ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் அதிர்விழந்துவிடும். ஸ்பானிய மொழி பேசுபவர்கள் 'ஸ்பெயின்' என்பதை 'எஸ்பெயின்' என்பதுபோல ஒலிப்பார்கள். இவை அவரவர் தாய்மொழியின் இயல்பிலிருந்து வருபவை. 'சோஃபிஸ் சாய்ஸ்' (1982) படத்துக்காக ஸ்ட்ரீப் போலிஷ் மொழியைக் கற்றதன் பயன், அதில் அவர் பேசிய ஆங்கிலத்தில் தெரிகிறது.

வசனத்தை வரிவரியாக மனப்பாடம் செய்து, கேமராவுக்கு முன்னால் மட்டும் உச்சரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வதும் ஆபத்தானது. அழும்போதும் கத்தும்போதும் அது கழன்றுவிடும். 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி'யில் (2001) லண்டன் பெண்ணாக நடித்த டெக்சஸ்காரர் ரெனே செல்வெகர், படப்பிடிப்பு நாட்களில் கேமரா இல்லாத நேரத்திலும் அதே உச்சரிப்பில் பேசினார். எழுதப்படாத பேச்சிலும் கோபத்திலும் சிரிப்பிலும் நிலைக்கும் உச்சரிப்பே திரைக்குப் போதுமானது.

இயக்குநருக்கும் இதில் பொறுப்புண்டு. ரஷ்யர்கள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் உரையாடுவதாக அமைந்த காட்சியை ஆங்கிலத்தில் எடுக்கும்போது, அவர்கள் தடுமாறும் ரஷ்யச் சாயலில் பேசுவதற்குக் காரணமே இல்லை, ஏனெனில் சொந்த மொழியில் எவரும் அயலார்போலப் பேசுவதில்லை. சோவியத் அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வந்த 'செர்னோபில்' தொடரில் நடிகர்கள் பெரும்பாலும் தங்கள் இயல்பான பிரிட்டிஷ் உச்சரிப்புகளிலேயே பேசினார்கள். போலிச் சாயலைக் கட்டிக் காக்கும் கவலை இல்லாததால், அவர்களுடைய முழுக் கவனமும் பாத்திரத்தின் அச்சத்திலும் குற்றவுணர்விலும் இருந்தது.