உங்கள் மின்சாரக் கார் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? நான் கணக்குப் பார்த்த முறை

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் முடியப் போகிறது என்று டாஷ்போர்டில் ஆமைப் படம் வந்து, வண்டி ஊர்ந்து ஊர்ந்து அங்கே போய் நின்றது. கடைக்கார ஐயா எட்டிப் பார்த்து, "என்ன மனே, கரண்ட் முடிஞ்சிட்டா?" என்றார். வண்டியில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் கணக்கில்.

என் வண்டி ஜப்பானில் ஓடி வந்த 24 கிலோவாட் மணி நிசான் லீஃப். கிலோவாட் மணி என்றால் பயப்பட வேண்டாம், கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் அது.

முதலில், விளம்பர எண் எந்தச் சோதனையில் வந்தது என்று பாருங்கள். 40 யூனிட் லீஃபுக்கு ஜப்பானின் பழைய ஜேசி08 சோதனையில் 400 கி.மீ., பிறகு வந்த டபிள்யூஎல்டிசி சோதனையில் 322, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏயின் கணக்கில் 243. மூன்றும் ஒரே கார்! ஜேசி08 சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. சொச்சம், அதுவும் ஏசி போடாமல். சித்திரை வெயிலில் காத்தான்குடி நெரிசலுக்குள் ஏசியை நிறுத்திவிட்டு இருந்து பாருங்கள், தெரியும். வண்டி வாங்கப் போனால் நான் ஈபிஏ எண்ணைத்தான் தேடுவேன். மற்றவை சுவரில் ஒட்டத்தான் நல்லது.

அடுத்தது பற்றரியின் வயது. லீஃப் என்றால் லீஃப்ஸ்பை செயலியும் காரின் கணினித் தரவைப் படிக்க வண்டியில் செருகும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியும் போதும். கண்டபடி மலிவான கருவி வாங்காதீர்கள். பதிப்பு 2.1 என்று போட்ட நகல் ஒன்று என்னிடம் இணையவே இல்லை, 1.5 உடனே வேலை செய்தது. செயலியில் எஸ்ஓஎச் என்று வரும் சதவீதம்தான் பற்றரியில் மிச்சமுள்ள கொள்ளளவு. எனக்கு 70. டாஷ்போர்டின் ஓரத்தில் உள்ள 12 கோடுகளை மட்டும் நம்பினால் போதாது. முதல் கோடு போவதற்குள்ளேயே 15 சதவீதம் போயிருக்கும்.

இனி ஓட்டிப் பார்க்கும் வேலை. நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் செய்தது இது. ஆடி மாதம், இரவு, தனியாக, ஏசி இல்லாமல், களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லடிப் பாலம் வரை 26 கி.மீ. ஓட்டினேன். 21 சதவீதம் இறங்கியது. அப்படியானால் முழுச் சார்ஜுக்கு 124 கி.மீ. ஆகா என்று சந்தோஷப்பட்டு, அடுத்த கிழமை மதியம் வீட்டாரை ஏற்றிக்கொண்டு 85 சதவீதத்தோடு தெற்கே கல்முனைக்குக் கிளம்பினேன். போய் வர 80 கி.மீ., 20 சதவீதம் மிஞ்ச வேண்டும். போகும்போதே 49 சதவீதம் போய்விட்டது. மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஏசியும் ஆட்களும் ஒரு காரணம். நான் நினைத்தே பார்க்காதது கச்சான் காற்று. அது தென்மேற்கிலிருந்து வீசுவது. களுவாஞ்சிகுடியிலிருந்து வடக்கே வரும்போது பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது, கல்முனைக்குப் போகும்போது முகத்தில் அடித்திருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு நேரெதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றின் தடை ஏறத்தாழ 1.8 மடங்காகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தடை பாதிக்கும் கீழே. கச்சான் சாய்வாக வருவதால் இவ்வளவு கடுமையாக இராது, ஆனால் கணக்கைக் கவிழ்க்க அது போதும்.

ஆகவே ஒருவழி ஓட்டத்தை நம்பவே நம்பாதீர்கள். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு (லீஃபுக்கு 36 பிஎஸ்ஐ), வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு, ஏசி போட்டு, போன வழியாலேயே திரும்பி வாருங்கள். டாஷ்போர்டு காட்டும் "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண்ணைக் குறிக்க வேண்டாம். அது நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம். ஓடோமீட்டரையும் சார்ஜ் சதவீதத்தையும் மட்டும் எழுதுங்கள். சதவீதமே காட்டாத பழைய வண்டி என்றால் லீஃப்ஸ்பையில் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிச் சோதிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண் எடுத்து இரண்டையும் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. மொத்தத் தூரத்தை மொத்தமாக இறங்கிய சதவீதத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள்.

நான் இரண்டாம் தடவை கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிகுடி போய் வந்தேன். 52 கி.மீ., சார்ஜ் 90-இலிருந்து 34-க்கு வந்தது. 52-ஐ 56-ஆல் வகுத்தால் முழுச் சார்ஜுக்கு 93 கி.மீ. இதில் 20 சதவீதத்தைக் கைகாவலாக ஒதுக்கினால் நம்பிப் போகக்கூடியது 74.

இப்போது ஒரு வேடிக்கை. 24 யூனிட் லீஃபுக்கு ஜேசி08 எண் 228 கி.மீ. பற்றரியின் வயதுக்காக 70 சதவீதம் எடுத்தாலும் 160 வருகிறது, என் 93 எங்கே அது எங்கே. அமெரிக்காவில் 2014, 2015 மாடலுக்கு ஈபிஏ கொடுத்தது 135 கி.மீ. அதில் 70 சதவீதம் 94. வெயில், கச்சான், ஏசி எல்லாம் சேர்த்தும் ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

பிற்சேர்க்கை: செங்கலடியிலிருந்து பதுளைக்கு இதே கணக்குப் பொருந்துமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பொருந்தாது. நம்முடையது கடற்கரைச் சமதளம், பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே 3 யூனிட்டுக்கு மேல் வேண்டும், ஓடுகிற செலவு வேறு. என் பற்றரிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. இறங்கும்போது ரீஜென், அதாவது வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரே பற்றரிக்குக் கரண்ட் ஏற்றுவது, கொஞ்சம் திருப்பித் தரும், ஆனால் மேலே முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தக் கரண்ட் போக இடமில்லை, பிரேக்தான் சூடாகும். 85 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்.